மார்ஸ்டன் மூர், 1644: லெஸ்லியின் ஸ்காட்டியக் குதிரைப்படை இல்லாமல் கிராம்வெல் ஜெயித்திருப்பாரா?

#1 கோட்டைவாசல்

இங்கிலாந்து உள்நாட்டுப் போர் என்று பேச்செடுத்தாலே நாடாளுமன்றத் தரப்பின் ஆலிவர் கிராம்வெல்லும் அவர் குதிரைப்படையும்தான் முன்னால் வந்து நிற்கிறது. 1644 ஜூலை 2ஆம் தேதி யார்க் நகருக்கு மேற்கே மார்ஸ்டன் மூரில் நடந்த போரை அவர்கள்தான் ஜெயித்தார்கள் என்பது ஏறக்குறைய பாடப்புத்தக வாக்கியமாகிவிட்டது. அந்த வாக்கியத்தின் ஊற்றுக்கண்ணும் கிராம்வெல்தான். போர் முடிந்த மூன்றாம் நாள் தன் சகோதரியின் கணவர் வாலன்டைன் வால்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வால்டனின் மகன் அந்தப் போரில் இறந்துபோன செய்தியைச் சொல்லும் கடிதம் அது. அரசர் தரப்புத் தளபதி இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படை முழுவதையும் எங்கள் குதிரைகளே முறியடித்தன, எங்களுக்குப் பின்னால் நின்ற ஸ்காட்டியர் சிலரைத் தவிர வேறு துணை இல்லை, கடவுள் எதிரியை எங்கள் வாளுக்கு அறுத்த கதிர்த்தாளாக்கிவிட்டார் என்று அதில் எழுதியிருக்கிறார்.

அந்த "சிலர்" யார் என்பதுதான் இந்த இழை.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முதலாம் சார்லஸ் 1637ல் ஸ்காட்லாந்துத் திருச்சபை மேல் புது வழிபாட்டுப் புத்தகத்தைத் திணித்தார். நாடே கொதித்து 1638ல் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1639லும் 1640லும் போரால் அவர்களைப் பணியவைக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. அப்புறம் இங்கிலாந்துக்குள்ளேயே அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை மூண்டது. 1643ல் நாடாளுமன்றம் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்காட்டியரிடம் உதவி கேட்டது. திருச்சபையை எங்கள் வழிக்குக் கொண்டுவாருங்கள், படைச்செலவுக்கு மாதம் சுமார் 30,000 பவுண்ட் கொடுங்கள் என்பது ஒப்பந்தம். 1644 ஜனவரி 19ஆம் தேதி, நடுக்குளிர்காலத்தில், லீவன் பிரபு அலெக்சாண்டர் லெஸ்லி தலைமையில் அந்தப் படை ட்வீட் ஆற்றைக் கடந்தது. காலாட்கள் ஏறக்குறைய 18,000 பேர், குதிரை வீரர்கள் 3,000, குதிரையில் வந்து இறங்கிச் சண்டையிடும் டிராகூன்கள் 500க்கு மேல்.

இதில் குதிரைப்படைக்கு நடைமுறைத் தலைவர் டேவிட் லெஸ்லி. லீவனுக்கு வெறும் பெயர்ப் பொருத்தம்தான், மகன் இல்லை. இருவருமே ஸ்வீடன் படையில் சேர்ந்து ஜெர்மானியப் போர்களில் அனுபவப்பட்டவர்கள். கிராம்வெல்லோ 1642க்கு முன்னால் போர்க்களத்தையே பார்க்காதவர்.

என் கருத்து: மார்ஸ்டன் மூரின் இடது பக்கத்தை கிராம்வெல் தனியாக ஜெயிக்கவில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

#2 தெக்கத்திக்காரன்

மறுக்க நான் வந்துவிட்டேன் அண்ணே.

கிராம்வெல்லிடம் இருந்தது சுமார் 3,000 குதிரைகள். லெஸ்லியிடம் மிஞ்சிப்போனால் 1,000, சிலர் கணக்கில் 800. அதுவும் மூன்றாவது வரிசையில். முதல் மோதலைத் தாங்கியவன் யார், பின்னால் நின்றவன் யார்? இன்னொன்று, ஸ்காட்டியரின் குதிரைகள் மட்டக் குதிரைகளைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவே. அன்றைக்கே இங்கிலீஷ்காரர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். நேருக்கு நேர் மோதி நிற்கும் தெம்பு அவற்றுக்குக் கிடையாது என்று தெரிந்துதான் பின்னால் நிறுத்தினார்கள். அதைப் போய் "வெற்றிக்குக் காரணம்" என்றால் எப்படி?

#3 ஈட்டிமுனை

குதிரை சிறியது என்பது சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஈட்டிக் குதிரைவீரன் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டான். பெரிய குதிரை, மார்புக்கவசம், இரண்டு கைத்துப்பாக்கி, ஒரு வாள் என்பதுதான் நாகரிகம். ஸ்காட்டியர் மட்டும் ஈட்டியை விடவில்லை. எல்லைப்புறச் சண்டைகளில் பழகிய ஆயுதம், செலவும் குறைவு. எடை குறைந்த குதிரை எதிரியின் கனமான குதிரையை இடித்துத் தள்ள முடியாது. ஆனால் நீளமான ஈட்டி முனை முதலில் போய்ச் சேர்ந்துவிடும். வரிசை கலைந்த எதிரிமேல் பக்கவாட்டில் பாயவும், ஓடுகிறவனைத் துரத்தவும், கட்டுக்குலைந்த காலாட்படையைச் சிதறடிக்கவும் இதைவிடப் பொருத்தமான படை இல்லை. ஆகவே மூன்றாம் வரிசையில் நிறுத்தியதை அவமானம் என்று நான் படிக்கமாட்டேன். எந்தக் கருவிக்கு எந்த இடம் என்று தெரிந்த தளபதி செய்கிற காரியம்.

டிராகூன்களையும் இதில் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்கள் குதிரையில் வரும் காலாட்கள். மலிவான குதிரையில் வேகமாக வந்து இறங்கி, குதிரைகளைப் பிடித்துக்கொள்ளச் சிலரை நிறுத்திவிட்டு, மற்றவர்கள் துப்பாக்கியோடு தரையில் நின்று சண்டை போடுவார்கள். மார்ஸ்டன் மூரில் அப்படி ஒரு ஸ்காட்டிய ரெஜிமென்ட் இருந்தது. கர்னல் ஹியூ ஃப்ரேசரின் டிராகூன்கள். அவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

#4 கோட்டைவாசல்

ஃப்ரேசரை இழுத்ததற்கு நன்றி. போரை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் யார் எங்கே நின்றார்கள் என்பது பிடிபடும்.

அரசர் தரப்பின் யார்க் நகரம் ஏப்ரல் 22 முதல் நாடாளுமன்ற, ஸ்காட்டியக் கூட்டுப்படையின் முற்றுகையில் இருந்தது. ஜூலை 1ஆம் தேதி ரூபர்ட் பெரிய சுற்று சுற்றிவந்து முற்றுகையை உடைத்தார். மறுநாள் காலை கூட்டுப்படையின் காலாட்கள் தெற்கே டாட்காஸ்டர் பக்கம் நடக்க ஆரம்பித்தேவிட்டார்கள். ரூபர்ட் சண்டைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் திருப்பிக் கூப்பிட வேண்டியதாயிற்று. மாலைவரை இரண்டு படைகளும் எதிரெதிரே வெறுமனே நின்றன. கூட்டுப்படை மொத்தம் 28,000 பேர்வரை, அரசர் தரப்பில் 18,000. இன்றைக்குச் சண்டை இல்லை என்று ரூபர்ட் சாப்பிடப் போய்விட்டார். இரவு ஏழு மணி சுமாருக்கு, இடிமழையோடு, கூட்டுப்படை சரிவிலிருந்து இறங்கியது.

இரண்டு படைகளுக்கும் நடுவே ஒரு பள்ளமும் வேலியும். அதில் அரசரின் துப்பாக்கி வீரர்கள் பதுங்கியிருந்தார்கள். குதிரைகள் அதைத் தாண்டும்போது சுட்டால் வரிசை குலைந்துவிடும். இடது கோடியில் அந்தப் பள்ளத்திலிருந்து அவர்களைத் துரத்தி வழி ஏற்படுத்தியது ஃப்ரேசரின் டிராகூன்கள். கிராம்வெல் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டினார் என்று எழுதுகிறவர்கள் அந்தச் "சுலபம்" எப்படி வந்தது என்று சொல்வதில்லை.

எதிரே பைரன் பிரபுவின் குதிரைப்படை. அவர் இருந்த இடத்திலிருந்து முன்னேறி வந்ததில் தன் துப்பாக்கி வீரர்களின் சுடும் வழியைத் தானே மறைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அவருடைய முதல் வரிசை உடைந்தது. ரூபர்ட் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து, மிச்சப் படையைத் திரட்டி எதிர்த்தாக்குதல் நடத்தினார். இங்கேதான் கிராம்வெல்லின் ஆட்கள் நின்றுபோனார்கள். இரண்டு பக்கமும் வாளெட்டும் தூரத்தில் வெட்டிக்கொண்டு, யாரும் ஓர் அடி நகரவில்லை. கிராம்வெல்லுக்குக் கழுத்தில் காயம். அந்த நேரத்தில்தான் லெஸ்லியின் மூன்று ரெஜிமென்ட்கள் ரூபர்ட்டின் ஆட்களைப் பக்கவாட்டில் தாக்கின. முடிச்சு அவிழ்ந்தது. ரூபர்ட்டின் குதிரைப்படை யார்க் பக்கம் ஓடியது.

#5 தெக்கத்திக்காரன்

போரின் நடுப்பகுதி வரை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். ஜெயித்த குதிரைப்படை துரத்திக்கொண்டு போய்ச் சாமான் கொள்ளையடிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். இரண்டு வருஷம் முன்னால் எட்ஜ்ஹில் போரில் ரூபர்ட்டே அப்படித்தான் கோட்டைவிட்டார். கிராம்வெல்லின் ஆட்கள் மட்டும் நின்றார்கள், மறுபடி வரிசை கட்டினார்கள், எதிரிக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போர்க்களத்தின் மறுகோடிக்குப் போனார்கள். ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு. அங்கே வலது பக்கம் நாடாளுமன்றத் தரப்பு ஃபேர்ஃபாக்ஸின் படை ஏற்கெனவே சிதறிவிட்டது. சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தொப்பியில் இருந்த வெள்ளை அடையாளத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எதிரிகளில் ஒருவன் மாதிரி அவர்களுக்கு நடுவிலேயே குதிரையை ஓட்டி வந்து கிராம்வெல்லிடம் சேர்ந்தார்.

உங்கள் லீவன் பிரபு எங்கே இருந்தார்? லீட்ஸ் போகும் சாலையில். தோற்றுவிட்டோம் என்று நினைத்து ஓடிவிட்டார். ஓடிய காலாட்களில் ஸ்காட்டியர் ஆயிரக்கணக்கில்.

#6 ஈட்டிமுனை

லீவன் ஓடினார், உண்மை. சர் தாமஸின் அப்பா ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவும்தான் ஓடினார். கிராம்வெல்லின் மேலதிகாரி மான்செஸ்டர் பிரபு மட்டும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். மூன்று தளபதிகளும் களத்தை விட்டு விலகிய ஒரு போரில் வெற்றி கிடைத்தது என்றால், நின்றது ரெஜிமென்ட்கள்தான் என்று அர்த்தம்.

வலது பக்கத்தையே எடுங்கள். அங்கும் மூன்று ஸ்காட்டியக் குதிரை ரெஜிமென்ட்கள் நின்றன. அரசர் தரப்புக் குதிரைத் தளபதி கோரிங்கின் தாக்குதலில் சுற்றிலும் எல்லாம் சிதறி ஓடியபோது எக்லின்டன் பிரபுவின் ரெஜிமென்ட் இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்கு விலையும் கொடுத்தது. நான்கு லெப்டினன்ட்கள் போனார்கள், துணைக் கர்னலும் மேஜரும் விழுந்தார்கள், பிரபுவின் மகனுக்கு உயிர்போகும் காயம். பால்கோனி பிரபுவின் ரெஜிமென்ட்டில் ஒரு பாதி ஈட்டிக்காரர்கள். அந்தக் கலவரத்துக்குள்ளேயே எதிரியின் ஒரு காலாட்படை ரெஜிமென்டைத் தாக்கிச் சிதறடித்துவிட்டு, களத்தைக் கடந்து லெஸ்லியோடு போய்ச் சேர்ந்தார்கள். நடுவில் லிண்ட்சே, மெய்ட்லாண்ட் என்ற இரண்டு பிரபுக்களின் ஸ்காட்டியக் காலாட்கள் குதிரைத் தாக்குதல்களைத் திரும்பத் திரும்பத் தாங்கி நின்றார்கள். அவர்கள் விழுந்திருந்தால் கிராம்வெல் சுற்றிவந்து காப்பாற்ற அங்கே ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

கடைசிக் கட்டம், வெள்ளைச் சட்டைக்காரர்கள். அரசர் தரப்பு நியூகாசில் மார்க்விஸின் காலாட்கள். சாயம் போடாத கம்பளிச் சட்டை, அதனால் அந்தப் பெயர். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு வேலியடைத்த நிலத்தில் நின்றுகொண்டு சரணடைய மறுத்தார்கள். குதிரைப்படை திரும்பத் திரும்பப் பாய்ந்தும் நீள ஈட்டிச் சுவரைத் தாண்ட முடியவில்லை. அங்கே கொண்டுவரப்பட்டது மறுபடியும் ஃப்ரேசரின் டிராகூன்கள். இறங்கி நின்று, கிட்டத்திலிருந்து சுட்டு, வரிசையில் ஓட்டை போட்டார்கள். அந்த ஓட்டை வழியாகக் குதிரைகள் நுழைந்தன. முப்பது பேர்தான் உயிரோடு மிஞ்சினார்கள் என்பது பின்னால் வந்த பேச்சு. நிலா வெளிச்சத்தில் சண்டை முடிந்தபோது அரசர் தரப்பில் ஏறக்குறைய 4,000 பேர் செத்திருந்தார்கள்.

ஆக, தொடக்கத்தில் பள்ளத்தைத் திறந்ததும், முடிவில் வெள்ளைச் சட்டைக்காரர்களை உடைத்ததும் ஒரே ரெஜிமென்ட். ஐந்நூறு சொச்சம் பேர், மட்டமான குதிரைகள்.

#7 மல்லிகைப்பந்தல்

நான் போர்க்களத்து ஆள் இல்லை, அரசியல் பக்கம் மட்டும் பேசுகிறேன். யார் ஜெயித்தது என்ற சண்டை இன்றைக்குத் தொடங்கியதில்லை, ஜூலை 1644லேயே லண்டனில் தொடங்கிவிட்டது.

முதலில் ஓடிப்போனவர்கள் மூலம் பரவிய செய்தியே தப்பு. ஆக்ஸ்ஃபோர்டில் அரசரின் ஆட்கள் தாங்கள் ஜெயித்ததாக நினைத்துச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். பிறகு உண்மை வந்தது. உடனே நாடாளுமன்றத் தரப்புக்குள்ளேயே போட்டி. ஸ்காட்டியரும் பிரெஸ்பிட்டீரியன்களும் ஒரு பக்கம், நாடு முழுவதற்கும் ஒரே திருச்சபை ஆட்சி என்பவர்கள். இன்னொரு பக்கம் சுயேச்சைச் சபையினர், அந்தந்தச் சபை தன் போக்கில் நடக்கட்டும் என்பவர்கள், கிராம்வெல் அவர்களின் நாயகன். வெற்றி யாருடையதோ, கடவுள் அவர் பக்கம். அப்படிப்பட்ட காலம் அது. லண்டனில் ஸ்காட்லாந்தின் பிரதிநிதிகளில் ஒருவராக இருந்த ராபர்ட் பெய்லி பாதிரியார் புலம்பித் தள்ளியிருக்கிறார்: சுயேச்சைக்காரர்கள் மேஜர் ஹாரிசனை அனுப்பி, எல்லாம் தாங்களே செய்ததாக நகரம் முழுக்கத் தம்பட்டம் அடிக்கவைத்தார்கள் என்று. எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. கிராம்வெல் காயத்துக்குக் கட்டுப்போடப் போனவர் திரும்பியே வரவில்லை, அந்தச் சமயத்தில் தானே பொறுப்பேற்றேன் என்று லாரன்ஸ் கிராஃபர்ட் என்ற ஸ்காட்டியத் தளபதி சொன்னார். கிராம்வெல்லைப் பிடிக்காத டென்சில் ஹோலிஸ் அதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியும் வைத்தார்.

ஆகவே "பின்னால் நின்ற ஸ்காட்டியர் சிலர்" என்பதை வீட்டுக் கடிதத்தில் போகிறபோக்கில் விழுந்த சொல்லாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பெய்லியை நம்புவதென்றாலும் உப்புப் போட்டுத்தான் நம்புவேன்.

#8 தெக்கத்திக்காரன்

அக்கா சொன்னதில் கிராஃபர்ட் கதையை மட்டும் தள்ளிவிடுங்கள். அது வன்மம். கிராம்வெல் கொஞ்ச நேரம் விலகியிருக்கலாம், ஆனால் இரண்டாம் கட்டத்தில் இருந்தார். ஃபேர்ஃபாக்ஸ் அவரிடம்தானே போய்ச் சேர்ந்தார்?

ஆனால் பாருங்கள், ஸ்காட்டியருக்குப் பெயர் கிடைக்காததற்கு லண்டன் துண்டுப்பிரசுரங்கள் மட்டும் காரணமில்லை. வட இங்கிலாந்து மக்களே அவர்களை வெறுத்தார்கள். வீடு வீடாகத் தங்கி, கோதுமையும் ஓட்ஸும் தின்று, குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனால் யார் புகழ்வார்கள்?

#9 கோட்டைவாசல்

தின்றார்கள், தம்பி. சம்பளம் வராத படை வேறென்ன செய்யும்? மாதாமாதம் வருவதாகச் சொன்ன பணம் ஒழுங்காக வந்ததே இல்லை. மனிதனுக்குக்கூட ஒருவேளை பட்டினி பழகும். குதிரைக்குத் தினம் ஓட்ஸும் வைக்கோலும் வேண்டும், அது அந்த ஊர் விவசாயியின் களஞ்சியத்திலிருந்துதான் வந்தது. 1644 அக்டோபரில் நியூகாசில் நகரத்தைத் தாக்கிப் பிடித்து, லண்டனுக்கு நிலக்கரி வரும் வழியைத் திறந்துவிட்டது இதே ஸ்காட்டியப் படை. அதற்கும் நன்றி கிடைக்கவில்லை.

கடைசியில் 1646ல் ஒரு கணக்கு முடித்தார்கள். பாக்கிக்கு 4 லட்சம் பவுண்ட், பாதி உடனே, பாதி பிறகு. முதல் 2 லட்சம் கைமாறிய அதே நாட்களில், 1647 ஜனவரி 30, தங்களிடம் அடைக்கலமாக வந்திருந்த அரசர் சார்லஸை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அரசரை விற்றார்கள் என்ற பழி அன்றைக்கு ஒட்டியது. திரும்பியதும் ரெஜிமென்ட்களில் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டார்கள்.

#10 மல்லிகைப்பந்தல்

லெஸ்லியைத் தூக்கிப் பிடிக்கும்போது ஃபிலிப்ஹாவை யாருமே எழுதவில்லையே. வேண்டுமென்றே விட்டீர்களா?

1644 செப்டம்பர் முதல் ஸ்காட்லாந்துக்குள்ளேயே மான்ட்ரோஸ் பிரபு அரசருக்காகப் போரிட்டு வரிசையாக ஆறு வெற்றிகள் பெற்றார். கடைசி வெற்றி கில்சித், 1645 ஆகஸ்ட் 15. அப்போது லெஸ்லி தெற்கே ஹெர்ஃபர்ட் முற்றுகையில் இருந்த படையோடு இருந்தார். குதிரைகளை எடுத்துக்கொண்டு வடக்கே விரைந்தார். செப்டம்பர் 13 காலை, மூடுபனியில், செல்கர்க் அருகே ஃபிலிப்ஹாவில் மான்ட்ரோஸின் முகாம்மேல் விழுந்தார். லெஸ்லியிடம் ஐயாயிரம் பேர் அளவுக்கு, பெரும்பாலும் குதிரை வீரர்களும் டிராகூன்களும். எதிரே அயர்லாந்துக் காலாட்கள் ஐந்நூறு பேரும் சிதறிக்கிடந்த குதிரைக்காரர்களும். மான்ட்ரோஸ் இரவு நகரத்துக்குள் தங்கியிருந்தார், முகாமிலேயே இல்லை.

அயர்லாந்துக்காரர்கள் உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னதை நம்பித்தான் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். பிறகு, அந்த வாக்கு அதிகாரிகளுக்கு மட்டுந்தான் பொருந்தும், கத்தோலிக்கர்களிடம் காட்டும் இரக்கம் பாவம் என்று பாதிரிமார் நெருக்க, அத்தனை பேரையும் கொன்றார்கள். முகாமோடு வந்திருந்த பெண்களையும் சிறுவர்களையும் விடவில்லை. அதற்குப் பரிசாக லெஸ்லிக்கு 50,000 மெர்க் (ஸ்காட்டிய நாணயம்) பணமும் ஒரு தங்கச் சங்கிலியும் கிடைத்தன. அந்தப் பக்கத்தில் ஒரு நிலத்துக்கு இன்னும் கொலையுண்டவர் வயல் என்றே பெயர். 1647ல் டனாவர்ட்டி கோட்டையிலும் சரணடைந்தவர்களுக்கு இதே கதிதான்.

மார்ஸ்டன் மூரில் பக்கவாட்டில் பாய்ந்த அதே ஈட்டிகள். பெருமையைப் பேசினால் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

#11 ஈட்டிமுனை

சேர்த்துத்தான் பேச வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பழியை லெஸ்லி மேல் மட்டும் இறக்கிவிட்டு அந்தப் பாதிரிமாரைத் தப்பவிடாதீர்கள். அதே கூட்டம்தான் 1650ல் அவர் படையையே குலைத்தது.

அதற்குள் கூட்டணி தலைகீழ். 1649ல் சார்லஸின் தலையை வெட்டியதும் ஸ்காட்டியர் மகனை அரசராக ஏற்றார்கள். கிராம்வெல் படையெடுத்து வந்தார். லெஸ்லி சண்டைக்கே வராமல், பயிரையும் கால்நடையையும் அகற்றிவிட்டு, பசியாலும் நோயாலும் கிராம்வெல்லின் படையைக் கரைத்தார். அபாரமான யுத்தி. அந்த நேரத்தில் திருச்சபை ஒரு குழுவை அமைத்து, பக்தி போதாதவர்கள் என்று 80 அதிகாரிகளையும் 3,000 வீரர்களையும் படையிலிருந்து நீக்கியது. நீக்கப்பட்டவர்களில் அனுபவசாலிகளே அதிகம்.

செப்டம்பர் 3, டன்பார். மலைமேல் நின்ற படை முந்தின நாள் கீழே இறங்கியது. பாதிரிகள் நெருக்கியதால் என்பார்கள், மழையில் அங்கே நிற்க முடியாமல் என்றும் சொல்வார்கள். இரவெல்லாம் மழை, துப்பாக்கியைப் பற்றவைக்கும் திரிகளைப் பெரும்பாலும் அணைத்துவிட்டார்கள். விடியற்காலையில் கிராம்வெல் பாய்ந்தார். அப்படி அரைத்தூக்கத்தில் மாட்டியும், முன்வரிசையில் ஈட்டி வைத்திருந்த ஸ்காட்டியக் குதிரைகள் சரிவில் இறங்கி கிராம்வெல்லின் முதல் அலையைப் பின்னுக்குத் தள்ளின. அடுத்த அலையைத் தாங்க ஆள் இல்லை. சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 3,000 பேர் டர்ஹம் பேராலயத்தில் அடைக்கப்பட்டார்கள். பாதிக்கு மேல் செத்தார்கள். 2013ல் பேராலயத்துக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அவர்களில் சிலரின் எலும்புகள் கிடைத்தன.

தெக்கத்திக்காரன் தம்பிக்கு: நேருக்கு நேர் மோதும் தெம்பு இல்லாத குதிரைகள் என்றீர்கள். டன்பாரில் எதிரே நின்றது கிராம்வெல்லின் சொந்தக் குதிரைப்படை.

#12 பழையபேப்பர்

நடுவில் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். வாட்டர்லூ ஓவியத்தில் வெள்ளைக் குதிரைகளில் பாய்ந்து வருவார்களே, ஸ்காட்ஸ் கிரேஸ், அந்த ரெஜிமென்ட் இந்த ஃப்ரேசர் டிராகூன்களின் வழிவந்ததா?

#13 கோட்டைவாசல்

இல்லை. அது தனிக்கதை, கொஞ்சம் வேடிக்கையானதும்கூட.

ஸ்காட்ஸ் கிரேஸின் தொடக்கம் 1678ல் திரட்டிய மூன்று டிராகூன் அணிகள். 1681ல் முழு ரெஜிமென்ட் ஆனது. முதல் கர்னல் தாமஸ் டால்யெல். சார்லஸின் தலை வெட்டப்பட்ட துக்கத்தில் தாடியை எடுக்கவே மாட்டேன் என்று வளர்த்தவர் என்பார்கள். 1651ல் வூஸ்டர் போரில் பிடிபட்டு, லண்டன் டவர் சிறையிலிருந்து தப்பி, ரஷ்யா போய் ஜாருக்குப் படை நடத்திவிட்டுத் திரும்பியவர். இரண்டாம் சார்லஸ் அவரிடம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? திருச்சபை விஷயத்தில் அரசருக்குப் பணிய மறுத்து, வயல்வெளிகளில் ரகசியமாக ஜெபக்கூட்டம் நடத்திய உடன்படிக்கைக்காரர்களை அடக்குவது. ஃப்ரேசரின் டிராகூன்கள் எந்த உடன்படிக்கைக்காக இங்கிலாந்து போனார்களோ, அதே உடன்படிக்கையைக் கைவிடாதவர்களைத் துரத்தத்தான் அடுத்த தலைமுறையின் டிராகூன்களைத் திரட்டினார்கள். 1971ல் இன்னொரு ரெஜிமென்டோடு இணைத்து அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள்.

டேவிட் லெஸ்லி வூஸ்டருக்குப் பிறகு 1660வரை சிறையில் இருந்தார். மன்னராட்சி திரும்பியதும் நியூவார்க் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. 1682ல் இறந்தார்.

#14 தெக்கத்திக்காரன்

ஃப்ரேசர் விஷயத்தில் நான் வாதாடப் போவதில்லை, பள்ளமும் வெள்ளைச் சட்டைக்காரர்களும் அவர்கள் கணக்கிலேயே இருக்கட்டும். ஆனால் வெற்றிக்குப் பிறகு நின்று, வரிசை கட்டி, மறுகோடிக்குப் போன முடிவு யாருடையது? அதை லெஸ்லி சொல்லி கிராம்வெல் செய்தார் என்று காட்ட ஒரு சமகாலச் சான்று கொண்டுவாருங்கள், அப்புறம் பேசலாம்.

#15 ஈட்டிமுனை

கிராம்வெல் சொல்லி லெஸ்லி செய்தார் என்பதற்கு அவர் கடிதத்தைத் தவிர உங்களிடம் என்ன இருக்கிறது? அதைக் கொண்டுவாருங்கள், நானும் தேடுகிறேன்.